அத்தியாயம் 4: நாலு பக்கமும் தைத்த சீலை

சனிக்கிழமை காலையில் ஒனொரே லப்ரூஸின் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். பழைய சுவர்ச்சீலை பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. அப்படி வருகிறவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே இளக்காரமாகப் பார்ப்பதற்கென்று வருகிறவர்கள் இன்னொரு வகை. லூசியான் இரண்டிலும் சேராதவன். அதனால் அவனுக்கு இளக்காரம் இரண்டு பங்காகக் கிடைத்தது.

“துப்பறியற வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டாள் யூஜெனி திக்ஸியே. மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவள். இடது கையில் கத்தியைப் பிடித்து கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“வால்பேப்பர் வித்திட்டிருந்தேன், மதாம்.”

செத்த எலியைக் கொண்டுவந்து நடுக்கடையில் போட்டதுபோல் ஓர் அமைதி. ஐந்நூறு வருஷமாகச் சுவருக்குக் கம்பளியில் காடு நெய்து மாட்டுகிற ஊர் ஒபுஸோன். சுவரில் காகிதம் ஒட்டுகிறவனுக்கு இங்கே பெண்ணும் கொடுக்க மாட்டார்கள், கேக்கும் கொடுக்க மாட்டார்கள்.

“பரவால்ல,” என்றாள் யூஜெனி. “எல்லாருக்கும் ஒரு பொழப்பு வேணுமில்ல.”

“அதான் மதாம். உங்களுக்கு இருமல் மருந்து மாதிரி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் முதலாளி மதாம் குதேர் அவன் காலை மிதித்தாள். பெர்த் குதேர், வயது அறுபத்திரண்டு. சுவிஸ் எல்லையில் சுங்க அதிகாரியாக முப்பது வருஷம் அடுத்தவர் பெட்டியைக் கிளறிவிட்டு, இப்போது கெரே ஊரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறவள். அவளை வரவழைத்தது ஒனொரேதான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு துப்பறியும் ஆளின் கையெழுத்து வேண்டுமாம். பாரீஸிலிருந்து ஆள் கூப்பிட்டால் கேள்வி கேட்பான். கெரேயிலிருந்து வருகிற கிழவி சீலையைக் கண்டாளா, சிங்காரத்தைக் கண்டாளா என்று நினைத்திருக்கிறார்கள். இது லூசியானுக்கு உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷமே புரிந்துவிட்டது.

அந்தச் சீலை அவர்கள் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. பெரிய பெரிய இலைகள், நடுவில் ஒரு நாரை, தூரத்தில் விரல் அளவில் ஒரு கோட்டை. இலைகளெல்லாம் நீலம். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எவ்வளவு அற்பமோ, மேலே தொங்கியது அவ்வளவு அழகு. கொஞ்ச நேரம் பார்த்தால் அந்த நாரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம் போலிருந்தது. அப்படி நினைத்ததற்காக லூசியான் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

“அது எங்க சீலை இல்ல,” என்றார் ஒனொரே. எழுபது வயது மனிதர், கோட்டில் எப்போதும் ஒரு நூல் ஒட்டியிருக்கும். “எங்க தாத்தா காலத்துலேருந்து இந்தச் சுவர்ல இருந்தது. அருங்காட்சியகத்துல கண்காட்சிக்குக் கேட்டாங்க. அதுக்கு முன்னாடி அழுக்கெடுத்து ஓரம் சரி பண்ண சொலாஞ்ச்கிட்ட குடுத்தேன். ஆறு வாரம் வெச்சிருந்தா. செவ்வாக்கிழம திருப்பிக் கொண்டுவந்து மாட்டிட்டுப் போனா. பாத்தா நகல்.”

“எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டாள் குதேர்.

பதில் சொன்னவர் செவெரான் மொந்தேல். பத்திர வக்கீலாக இருந்தவர். நாற்பது வருஷம் ஊர்க்காரர்களின் உயிலைப் படித்துக் காட்டி, சாதாரணமாகப் பேசும்போதும் படித்துக் காட்டுகிற குரலே தங்கிவிட்டது.

“மதாம், பழைய சீலைல இலை பச்சையாத்தான் நெய்வாங்க. வெயில்ல மஞ்சச் சாயம் ஓடிப்போயி முன்பக்கம் நீலமாயிரும். பின்பக்கம் வெயில் படாது, பச்சை பச்சையாவே இருக்கும். உங்களுக்கு இது புரியறது கொஞ்சம் கஷ்டம்.”

“சுலபமாப் புரியுது முசியே,” என்றான் லூசியான். “அலமாரிய நகத்தினா பின்னாடி வால்பேப்பர் புதுசா இருக்குமே, அந்தக் கதைதான.”

மொந்தேல் அவன் பக்கம் திரும்பவில்லை. மேஜையில் இருந்த காகிதத்தை இரண்டு விரலால் குதேர் பக்கம் தள்ளினார். போலீஸுக்குக் கொடுக்க எழுதிய புகார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘சீலை திரும்பி வந்த செவ்வாய்க்கிழமையன்று அதன் பின்புறத்தை நாங்கள் மூவரும் பார்த்தோம். இலைகள் பின்புறத்திலும் நீலமாகவே உள்ளன. ஆகவே இது அண்மைக் காலத்தில் நெய்த நகல். அசலை மாற்றியவர் சொலாஞ்ச் பெய்ரூ என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.’

“இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குக் குடுக்கறோம்,” என்றார் மொந்தேல். “கீழ உங்க கையெழுத்தும் இருந்தா நல்லாருக்கும்.”

“செவ்வாக்கிழமைக்கு அப்புறம் சீலைய யாராவது தொட்டாங்களா?” என்று கேட்டாள் குதேர்.

“கையே வைக்கல,” என்றாள் யூஜெனி. “எப்பிடி மாட்டிட்டுப் போனாளோ அப்பிடியே இருக்கு. பாம்பு மாதிரிப் பழகினா அந்தப் பொம்பள. எங்களோட சனிக்கிழம காப்பிக்கெல்லாம் கூப்பிட்டோம்.”

மதாம் குதேர் எழுந்து போய் சீலையின் ஓரத்தை விரலால் தடவினாள். கீழ்ஓரம், இடது ஓரம், வலது ஓரம். பிறகு நாற்காலி போட்டு ஏறி மேல்ஓரம். இறங்கி வந்து கேக்கில் மிச்சமிருந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“பன்னெண்டு மணிக்குள்ள வந்திடறேன்,” என்றாள்.

*

சொலாஞ்ச் பெய்ரூவின் பட்டறை பாலத்துக்கு அந்தப்பக்கம், ஒரு பழைய வீட்டின் மூன்றாவது மாடியில். ஐம்பத்தைந்து வயது. மெலிந்த உடம்பு, கையில் ஊசி குத்தாத இடமே இல்லை. இவர்களைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “போலீஸ்ல குடுத்திட்டாங்களா?”

“இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு,” என்றாள் குதேர். “சீலை உங்க கைக்கு வந்தப்ப அசலா, நகலா?”

சொலாஞ்ச் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “நகல்தான்.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“முதல் நாளே. அழுக்கெடுக்கறதுக்கு லைனிங் துணியப் பிரிச்சேன். பின்பக்கம் நீலம்.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?” என்றான் லூசியான். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. முப்பது வருஷம் தொழில் செய்தவள், இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஆறு வாரம் ஓரம் தைத்திருக்கிறாள். திருட்டுப்பட்டம் கட்ட வருகிறவனுக்குத் தலையை நீட்டிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

“எப்பிடிச் சொல்றது? ஒனொரேக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அவங்க தாத்தா யார்கிட்டயோ ஏமாந்திருக்கணும். இல்ல போர்க் காலத்துல யாராவது மாத்தியிருக்கணும். அந்தச் சீலையத் தொட்டுக் கும்பிடாத குறையா நிப்பாரு மனுஷன். நான் போய் அது போலின்னு சொன்னா செத்தே போயிருவாரு.” அவள் குரல் இறங்கியது. “நான் இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷமாச்சு. மார்ச் மாசம்தான் மொத மொதலா சனிக்கிழம காப்பிக்குக் கூப்பிட்டாங்க. அலமாரியில எனக்குன்னு ஒரு கிண்ணம் வெச்சாங்க. சிநேகிதங்களுக்குள்ள ஒருத்தர் மனச ஒருத்தர் நோகடிக்கக் கூடாதில்ல.”

“கிண்ணம்,” என்றான் லூசியான். “காப்பி எப்பிடி இருந்தது?”

“தண்ணியாத்தான் இருந்தது. ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது.”

லூசியானுக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை.

“புகார் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் கிடையாது மதாம்,” என்றாள் சொலாஞ்ச். “கோர்ட்டுல நான் ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. சீலைய மாத்தினவள்னு ஒரு தடவ பேர் வந்துட்டா இந்த ஊர்ல யாரும் கிழிஞ்ச சாக்ஸ் தைக்கக்கூடக் குடுக்க மாட்டாங்க.”

மதாம் குதேர் கேட்டது வேறு. “லைனிங்கத் திரும்பத் தெச்சது நீங்கதானே? எத்தன பக்கம்?”

“நாலு பக்கமும். வழக்கமா அடிப்பக்கம் தொங்க விட்டிருவோம், தூசி இறங்கறதுக்கு. ஒனொரேதான் நாலு பக்கமும் மூடித் தைக்கச் சொன்னாரு. முன்னாடியும் அப்பிடித்தான் இருந்தது.”

“இன்னிக்குத் தடவிப் பாத்தேன். ஒரு தையல்கூட விடல.”

சொலாஞ்ச் நிமிர்ந்தாள். அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. “அப்ப அவங்க பின்பக்கத்தப் பாத்திருக்கவே முடியாது.”

“செவ்வாக்கிழம பாத்திருக்க முடியாது,” என்று திருத்தினாள் குதேர். “நெய்தது யார் கைன்னு தெரியுமா?”

“தெரியும். ரெண்டு நிறம் சேர்ற இடத்துல ஊடை நூல அப்பிடி இறுக்கித் திருப்பறவரு இந்தப் பக்கத்துல ஒருத்தர்தான். ஏலி வெர்ஞோ. பக்கத்து ஊர் ஃபெல்தான்ல இருக்காரு. ஆனா அவரு வாயத் திறக்க மாட்டாரு.”

*

ஃபெல்தான் போகிற வழியில் கார் ஓட்டியது லூசியான்.

“ஒரு விஷயம் புரியல,” என்றான். “அந்த வக்கீல் மூளை உள்ள ஆளு. பாக்காத பின்பக்கத்த ஏன் எழுதி வெக்கணும்? முன்பக்கம் புதுசா இருக்குன்னு எழுதிட்டுப் போயிருக்கலாமே.”

“ஒபுஸோன்காரன் அப்பிடி எழுத மாட்டான். முன்பக்கத்தப் பாத்து சீலையப் பத்திப் பேசறது வெளியூர்க்காரன் வேல. இவங்களுக்குப் பின்பக்கத்தச் சொல்லலன்னா பேசின மாதிரியே இருக்காது. கௌரவம். அந்தக் கௌரவத்துலதான் மாட்டிக்கிட்டான்.” குதேர் கையுறையைக் கழற்றினாள். “நாலு பக்கமும் தெச்ச சீலைக்குப் பின்பக்கத்த எங்க பாக்க முடியும்?”

“தெச்சதுக்கு முன்னாடி.”

“அதுக்கும் முன்னாடி?”

லூசியான் யோசித்தான். வால்பேப்பர்காரனுக்கும் தெரிந்ததுதான். இங்கே தறியில் நெய்கிறவனுக்குப் பின்பக்கம்தான் மேலே இருக்கும். முன்பக்கம் தறிக்கு அடியில். மாசக்கணக்கில் நெய்தவனே முன்பக்கத்தை முதன்முதலாகப் பார்ப்பது பாவு நூலை அறுத்து இறக்குகிற அன்றைக்குத்தான். அந்தத் தறியறுப்பை யாரும் தனியாகச் செய்வதில்லை. நெய்யச் சொன்னவர்கள் வருவார்கள். கத்தரிக்கோல் கைமாறும், ஆளுக்குக் கொஞ்சம் அறுப்பார்கள், பிறகு குடிப்பார்கள்.

“கல்யாணத்துக்கு வந்தவங்களே பொண்ணத் தெரியாதுங்கறாங்க,” என்றான்.

“ரோட்டப் பாத்து ஓட்டு,” என்றாள் குதேர்.

*

ஏலி வெர்ஞோவுக்கு எண்பத்தொன்று. வீட்டுப் பின்பக்கம் உருளைக்கிழங்குப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றார். வந்தவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கொத்தினார்.

“நகல் நெய்யறது தப்பில்ல,” என்றார். “நெய்யச் சொன்னாங்க, நெய்தேன். யாரு சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கிளம்புங்க.”

“பேரு கேக்கல முசியே,” என்றாள் குதேர். “தறியறுப்பு நல்லா நடந்ததான்னு கேக்கத்தான் வந்தேன்.”

கிழவரின் கை நின்றது. உதட்டோரம் ஒரு வெறுப்பு ஏறியது.

“நல்லா நடந்ததாவா? என் ஆயுசுல அப்பிடி ஒரு கேவலமான அறுப்பு பாத்ததில்ல. பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் வாய்க்குள்ள கசக்குது. மூணு பேரு வந்தாங்க. ஒருத்தன் நூல அறுக்கறதுக்கு முன்னாடி கத்தரிக்கோலத் தூக்கிப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் பேசினான், உயில் படிக்கற மாதிரி. ஒருத்தன் ரெண்டு நூல் அறுத்திட்டு அழுதான். மூணாவது ஒரு பொம்பள. இடது கைக்காரி. அறுக்க வரல, என் கத்தரிக்கோல் மொட்டைன்னு என்னையே திட்டினா. என் கத்தரிக்கோல. சாராயம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, பன்னிக்கு ஊத்தினாலும் குடிக்காது.”

“பேரே சொல்லலயே நீங்க,” என்றான் லூசியான்.

“நான் வாக்குத் தவற மாட்டேன்,” என்றார் கிழவர். “இலைய நீலமாவே நெய்யச் சொன்னாங்க. பின்பக்கம் காட்டிக்கொடுத்திரும்னு சொன்னேன். அந்தப் பொம்பள, யாரு திருப்பிப் பாக்கப்போறான்னு கேட்டா. இந்த ஊர்ல பொறந்துட்டுக் கேக்கற கேள்வியா அது?”

போலீஸ் கேட்டால் இதையே சொல்வாரா என்று குதேர் கேட்டாள். மூன்று பேரின் பெயரைத் தவிர மற்றதெல்லாம், அந்தச் சாராயத்தின் பெயர் உட்பட, யார் கேட்டாலும் சொல்வதாகக் கிழவர் ஒப்புக்கொண்டார்.

*

பதினொன்றே முக்காலுக்கு அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது சொலாஞ்சும் கூட வந்தாள். வெளியே சந்தை நிறைந்து வழிந்தது. யூஜெனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கையெழுத்து,” என்று பேனாவை நீட்டினார் மொந்தேல்.

“போடறேன். ஒரே ஒரு வரியச் சரி பாத்துக்கறேன்.” குதேர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “செவ்வாக்கிழம பின்பக்கத்தப் பாத்தீங்க. மூணு பேரும்.”

“மூணு பேரும்.”

“அப்புறம் யாரும் கை வைக்கல. லைனிங் நாலு பக்கமும் முழுத் தையல். நேர வந்து பாத்துக்கலாம். எந்த வழியாப் பாத்தீங்க முசியே?”

நீட்டிய பேனாவை மொந்தேல் திரும்ப எடுத்துக்கொண்டார். யூஜெனி சட்டென்று, “கீழ்ப்பக்கம் கொஞ்சம் தூக்கினோம்,” என்றாள்.

“கீழ்ப்பக்கமும் தெச்சிருக்கு மதாம். தைக்கச் சொன்னது முசியே லப்ரூஸ்.”

“அப்பறம் எப்பிடி...” யூஜெனி ஒனொரேயைப் பார்த்தாள். ஒனொரே தரையைப் பார்த்தார்.

“நான் சொல்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஃபெல்தான்ல ஒரு தறியில பாத்தீங்க. ஒருத்தர் பேசினாரு, ஒருத்தர் அழுதாரு, ஒருத்தர் இடது கையால அறுத்துக்கிட்டே கத்தரிக்கோலத் திட்டினாங்க. பெரியவர் பேரு எதுவும் சொல்லல. ரொம்ப நாணயமானவரு.”

யூஜெனி இடது கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

முதலில் உடைந்தவர் ஒனொரே. “கடைய மூட வேண்டிய நெலம,” என்றார். “அசல ஜெனீவால ஒருத்தருக்குக் குடுத்தேன். சுவர் காலியா இருந்தா ஊர் கேக்கும். இவங்க ரெண்டு பேரும்தான் ஒரு நகல் மாட்டிக்கலாம்னு யோசனை சொன்னாங்க. கடை போனா எங்க சனிக்கிழம போயிரும். இந்த வயசுல எங்களுக்கு வேற யாரு இருக்கா?”

“வித்தது தப்பில்ல. உங்க சீலை. நகல் மாட்டினதும் உங்க சுவரு. இன்ஷூரன்ஸ் கேட்டத கம்பெனி பாத்துக்கும். இன்னொருத்தர் தலையில கட்டினீங்களே, அதத்தான் நான் கேக்கறேன்.” குதேர் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்தாள். இன்ஷூரன்ஸ்காரர்கள் அனுப்பிய கட்டில் இருந்தது அது. “அருங்காட்சியகம் சீலையக் கேட்டு எழுதினது பிப்ரவரி இருபத்திரெண்டு. அங்க போனா மொதல்ல திருப்பித்தான் பாப்பாங்க. அதுக்குள்ள மாத்தினது யாருன்னு ஒரு ஆள் வேணும். முப்பது வருஷமா கூப்பிடாதவங்கள எந்த மாசம் காப்பிக்குக் கூப்பிட்டீங்க?”

சொலாஞ்ச்தான் சொன்னாள். “மார்ச் மொதல் சனிக்கிழம.”

அதுவரை திருட்டுப்பட்டத்துக்குக்கூட அழாதவள். இப்போது அவள் முகம் என்னவோ ஆயிற்று. லூசியானால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். வாழ்நாள் முழுக்க அசலையும் போலியையும் பிரித்துப் பேசியே பொழுது போக்கிய கூட்டம். காறித் துப்பலாம் போலிருந்தது.

மொந்தேலுக்குக் குரல் திரும்பியிருந்தது. புகாரை நாலாகக் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். “முடிஞ்சுது. புகாரே இல்ல. சொலாஞ்ச், நடந்தது நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காத. இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்.”

“நாலு பேரா?” என்றாள் சொலாஞ்ச்.

“பின்ன? நீயும் எங்கள்ல ஒருத்திதான.”

“ஊர்ல வாரம் முழுக்கச் சொல்லியாச்சு. ரொட்டிக்கடைல நேத்து எனக்கு மிச்சக் காச கைல குடுக்கல, மேஜைல வெச்சாங்க. அதையும் நாலு பேருக்குள்ள வெச்சுக்கலாமா?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடையின் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். லூசியான் கேட்காமலே போய் ஏணியைப் பிடித்தான். இருவரும் சீலையை இறக்கி நீள மேஜையில் குப்புறப் போட்டார்கள். சொலாஞ்ச் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். நாலு பக்கமும். அவசரப்படாமல், துணியில் ஒரு கீறல்கூட விழாமல். லைனிங் துணி கழன்று தரையில் விழுந்தது. உள்ளே இலைகள் நீலமாக, பளிச்சென்று இருந்தன.

கடையின் கண்ணாடி ஜன்னலில் சீலை மாட்டுவதற்கென்று ஒரு கம்பி உண்டு. அதில் அவள் சீலையைத் தொங்கவிட்டாள். நாரை கடைக்குள் பார்த்தது. பின்பக்கம் சந்தையைப் பார்த்தது. நிறம் சேர்கிற இடங்களைப் பார்த்தாலே அது ஏலி வெர்ஞோவின் கை என்று இந்த ஊருக்குத் தெரிந்துவிடும்; எப்போது நெய்தார், தறியறுப்புக்கு எப்படிப்பட்ட மூன்று பேர் வந்தார்கள் என்று ஃபெல்தான் போய்க் கேட்டால் போதும்.

ஒனொரே முகத்தைப் பொத்திக்கொண்டார். மொந்தேல் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். “சொலாஞ்ச், என்ன பண்ற? மூணு பேரோட மானம்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். “என் மானத்துக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான் நேரம் குடுத்தீங்க,” என்றாள். “உங்களோடது சந்தை முடியற வரைக்கும் தொங்கட்டும்.”

வெளியே பாலாடைக்கட்டி விற்கிற பெண் ஜன்னலைக் கடந்தவள் நின்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, அந்த ஊர்க்காரர்கள் பார்க்கிற மாதிரி பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு சீலையின் ஓரமாகத் தலையை நீட்டி, உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் அதே மாதிரி பார்த்தாள். உள்ளே வரவில்லை. திரும்பி, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள்.